வீல் சிலிண்டர் லீக்: கிட் போட்டு அனுப்பினால் போதுமா?

பத்து வருஷம் ஓடிய ஒரு ஆல்ட்டோவோ, வேகன்-ஆரோ, சான்ட்ரோவோ ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறது. பிரேக் ஆயில் அடிக்கடி குறைகிறது என்பது புகார். பின் சக்கரத்தைக் கழற்றி டிரம்மை இழுத்தால் உள்ளே ஈரம். வீல் சிலிண்டர் லீக். இதற்கு நம் ஊரில் பழகிப்போன வைத்தியம் ஒன்று உண்டு. சிலிண்டரைப் பிரித்து, உள்சுவரை எமரித் தாளால் தேய்த்து, புது ரப்பர் கிட் போடுவார்கள். நனைந்த ஷூவைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து மறுபடி மாட்டுவார்கள். குறைந்த ஆயிலை ஊற்றி நிரப்பி, அந்த ஒரு சக்கரத்தில் மட்டும் காற்று எடுத்துவிட்டு வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். அரை நாளில் வேலை முடியும், செலவும் கம்மி, பெடலும் கெட்டியாகிவிடும். ஆனாலும் இது பாதி வேலைதான் என்பது என் கட்சி. வீல் சிலிண்டர் கசிவது தனியாக ஒரு உதிரிபாகம் கெட்டுப்போன செய்தி அல்ல. பிரேக் லைன் முழுக்க இருக்கும் ஆயிலுக்கு வயதாகிவிட்டது என்பதன் முதல் வெளிப்படையான அறிகுறி அது. ஆகவே சிலிண்டரை முழுசாக மாற்ற வேண்டும், நனைந்த ஷூவைத் தூக்கிப் போட வேண்டும், நாலு சக்கரத்திலும் பழைய ஆயிலை வெளியேற்ற வேண்டும். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்ன உருளை அது. வார்ப்பிரும்பிலோ அலுமினியத்திலோ செய்தது. சின்னக் கார்களில் உள்துளை பெரும்பாலும் 16 முதல் 20 மில்லிமீட்டர் விட்டம்தான் இருக்கும். நடுவில் ஒரு மெல்லிய ஸ்பிரிங், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு ரப்பர் கப், கப்புக்கு வெளியே ஒவ்வொரு பிஸ்டன், கடைசியில் தூசி போகாமல் இருக்க ஒவ்வொரு ரப்பர் பூட். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் இருந்து வரும் அழுத்தம் இரண்டு பிஸ்டன்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளும். அவை இரண்டு ஷூக்களையும் டிரம்மின் உள்சுவரோடு அழுத்தும். பலமாகப் பிரேக் பிடிக்கும்போது லைனில் அழுத்தம் 50 பாரைத் தாண்டும். காரின் டயருக்குள் இருக்கும் காற்று 2 பாரைச் சற்றே தாண்டியது என்பதை நினைத்துக்கொண்டால் இதன் அளவு புரியும். இவ்வளவையும் தாங்குவது அந்தக் கப்பின் மெல்லிய உதடு. அழுத்தம் ஏறும்போது ஆயிலே அந்த உதட்டைச் சுவரோடு சேர்த்து அழுத்திவிடும். அழுத்தம் இல்லாமல் வண்டி சும்மா நிற்கும்போது ரப்பரின் சொந்த விறைப்பு மட்டும்தான் காவல். தேய்ந்த கப், சொரசொரத்த சுவர் என்றால் நிற்கும் வண்டியிலும் கசியும். அதனால் பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்து, "கெட்டியாத்தானே இருக்கு" என்று சொல்வது எதற்கும் அத்தாட்சி ஆகாது.

இப்போது ஆயிலுக்கு வருவோம். என்ஜின் ஆயில் பம்ப்பால் சுற்றிச் சுற்றி வரும், ரேடியேட்டர் தண்ணீரும் அப்படித்தான். பிரேக் ஆயில் சுற்றுவதில்லை. பெடலை மிதித்தால் சில மில்லிமீட்டர் முன்னே நகரும், விட்டால் அதே இடத்துக்குத் திரும்பும். வீல் சிலிண்டர் அந்த லைனின் கடைசி முட்டுச்சந்து. மேலே மாஸ்டர் சிலிண்டரின் டப்பாவில் எத்தனை முறை புது ஆயில் ஊற்றினாலும், காற்று எடுக்கும் நிப்பிளைத் திறந்து வெளியே எடுக்காதவரை சிலிண்டருக்குள் கிடப்பது பழைய ஆயில்தான். பல கார்களில் அது கம்பெனியில் ஊற்றிய அதே ஆயில். டப்பாவில் ஆயில் பொன்னிறமாகத் தெரிவதைக் காட்டி நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் இருக்கும் ஓட்டை இதுதான். பின் சக்கர நிப்பிளைத் திறந்து தெளிவான குழாயில் பிடித்துப் பாருங்கள்; காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில், அடியில் கறுப்புத் துகளோடு வரும். மேலே தெரிவதும் கீழே கிடப்பதும் ஒரே லைனில் இருக்கும் இரண்டு வேறு ஆயில்கள்.

அந்தப் பழைய ஆயிலுக்கு அப்படி என்ன ஆகிவிடுகிறது? தண்ணீர் சேர்ந்துவிடுகிறது. நம் கார்களில் ஊற்றும் டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைகால் வகையைச் சேர்ந்தவை. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வது அவற்றின் இயல்பு. டப்பாவின் மூடியில் காற்று போகவர ஒரு வழி உண்டு. ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே ஊடுருவும். இது யாரோ பயமுறுத்தச் சொல்லும் கதை அல்ல, ஆயிலின் தரத்தை வகுத்தவர்களே ஒப்புக்கொண்ட விஷயம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் 116-ஆம் எண் விதி ஒவ்வொரு வகை ஆயிலுக்கும் இரண்டு கொதிநிலைகளைக் கேட்கிறது. ஒன்று புது ஆயில் கேனைத் திறந்தவுடன் இருப்பது, மற்றொன்று ஈரம் சேர்ந்தபின் இருப்பது. ஈரம் சேர்ந்த ஆயில் என்றால் சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்கிறார்கள். டாட் 3 புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும். ஈரம் சேர்ந்தால் 140 போதும். டாட் 4-க்கு 230, பிறகு 155. அந்தக் கொஞ்சத் தண்ணீர் கொதிநிலையை 65, 75 டிகிரி கீழே இறக்கிவிடுகிறது. பல கம்பெனிகளின் கையேடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கொதிநிலை ஒரு பக்கம் இருக்கட்டும். வீல் சிலிண்டரைக் கொல்வது துரு. ஆயிலில் துருவைத் தடுக்கும் ரசாயனங்கள் உண்டு, ஆனால் அவை காலப்போக்கில் தீர்ந்துபோகும். ஈரமும் ஏறி, காப்பும் தீர்ந்த நிலையில் வார்ப்பிரும்புச் சுவரில் ஊசிமுனை அளவு குழிகள் விழத் தொடங்கும். அலுமினியச் சிலிண்டரில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். கப் தினமும் உரசிப் போகும் இடம் ஓரளவு வழவழப்பாகவே இருக்கும். அது போகாத இடத்தில், குறிப்பாக இரண்டு கப்புக்கும் நடுவில், கசடும் துருவும் சேரும். லைனிங் தேயத் தேய அட்ஜஸ்டர் ஷூக்களை வெளியே தள்ளுவதால் பிஸ்டன்களும் வருஷக்கணக்கில் வெளிப்பக்கமாகவே நகர்ந்துகொண்டிருக்கும். ஒருநாள் ஷூ தேய்ந்துவிட்டதென்று புதுசு போடுகிறோம். புது லைனிங் தடிமன் என்பதால் பிஸ்டன்கள் பழையபடி உள்ளே தள்ளப்படுகின்றன. அதாவது இத்தனை நாளாகத் துரு பிடித்துக் கிடந்த இடத்தில் கப்பின் உதடு போய் உட்காருகிறது. ஷூ மாற்றிய ஒரே மாதத்தில் லீக் வந்துவிட்டது என்று வாடிக்கையாளர் மெக்கானிக்கோடு சண்டைக்குப் போவது இதனால்தான். மெக்கானிக் எதையும் கெடுக்கவில்லை. கெட்டுப்போயிருந்தது அன்றுதான் வெளியே தெரிந்தது.

நம் ஊர்த் தட்பவெப்பம் இதை இன்னும் விரைவுபடுத்துகிறது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரம் நெடுகப் பெரும்பாலான மாதங்களில் காற்று கனத்தே இருக்கும், உப்பும் சேர்ந்துகொள்ளும். அதோடு வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் சக்கரம் முழுகி நின்றன. டிஸ்க் பிரேக் வெளியே திறந்து கிடப்பதால் தண்ணீர் வடிந்து காய்ந்துவிடும். டிரம் மூடிய அறை. உள்ளே போன தண்ணீரும் சேறும் சீக்கிரம் வெளியேறாது. பூட் எங்காவது வெடித்திருந்தால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் நேராகவே போய் உட்காரும். வெள்ளத்தில் நின்ற காருக்கு என்ஜின் ஆயில், சீட் பஞ்சு, வயரிங் எல்லாம் பார்ப்பவர்கள் பின் டிரம்மைத் திறந்து பார்ப்பது குறைவு. அன்று பார்க்காமல் விட்டது, வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றிரண்டு வருஷம் கழித்து லீக்காக வந்து நிற்கும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு, கிட்டைப் பற்றியது. "காலம்காலமா கிட் போட்டுத்தானே ஓட்டினோம், கம்பெனியே கிட் விற்கிறதே, நான் போட்ட கிட் அஞ்சு வருஷம் ஓடிச்சே" என்பார்கள். இதில் நியாயம் உண்டு. சிலிண்டர் விலை அதிகமாகவும் கூலி குறைவாகவும் இருந்த நாளில், சுவர் கண்ணாடிபோல் இருந்தால், கப்பை மட்டும் மாற்றுவது சரியான வேலை. நல்ல மெக்கானிக் ஹோனிங் கல்லை விட்டு, சுத்தம் செய்து, வெளிச்சத்தில் பிடித்துக் குழி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கிட் போடுவார். அப்படிப் போட்ட கிட் அஞ்சு வருஷம் ஓடியதில் ஆச்சரியம் இல்லை. ஓடியதற்குக் காரணம் சுவர்; கிட் அல்ல. ஆனால் லீக் ஆனபின் வரும் பத்து வருஷச் சிலிண்டரில் சுவர் அப்படி இருப்பது அபூர்வம். எமரித் தாளால் தேய்த்தால் மேல்துரு போகும், குழி போகாது. குழி போகும்வரை தேய்த்தால் துளையே பெரிதாகிவிடும். அதே அளவு கப் அங்கே தளர்ந்து உட்காரும். புது ரப்பரின் உதடு பழைய குழியின் விளிம்பில் ஒவ்வொரு முறையும் உரசினால் எத்தனை நாள் தாங்கும்?

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் கிட் லாபம் இல்லை. சின்னக் காருக்குப் புது வீல் சிலிண்டர் சில நூறு ரூபாயில் இருந்து ஆயிரத்தை ஒட்டிய விலையில் கிடைக்கிறது. கிட் அதைவிட மலிவுதான். ஆனால் டிரம் கழற்றுவது, ஷூவைப் பிரிப்பது, ஸ்பிரிங்குகளை மறுபடி மாட்டுவது, காற்று எடுப்பது எல்லாம் இரண்டுக்கும் ஒரே வேலை, ஒரே கூலி. சொல்லப்போனால் கிட் போடும்போது சிலிண்டரைப் பிரித்துத் தேய்த்துக் கழுவும் நேரம் கூடுதல். ஒரே ஒருமுறை கிட் தோற்றுப்போய் மறுபடி பிரிக்க வேண்டி வந்தால், மிச்சம் பிடித்த பணம் கூலியிலேயே போய்விடும். அதற்குள் நனையும் இன்னொரு ஜோடி ஷூவின் விலை வேறு.

அடுத்தது ஷூ. "பெட்ரோல்ல கழுவினா போயிடும்" என்பதுதான் இந்த வேலையிலேயே மிகவும் ஆபத்தான நம்பிக்கை. லைனிங் இறுக்கி அழுத்திய நார்ப்பொருள். அதில் மிக நுண்ணிய துளைகள் உண்டு. வாரக்கணக்கில் ஆயிலில் ஊறிய லைனிங்கின் மேற்பரப்பைக் கழுவலாம், உள்ளே இறங்கியதைக் கழுவ முடியாது. கழுவிக் காயவைத்ததும் நன்றாகத் தெரியும். வண்டி ஓடி டிரம் சூடேறியதும் உள்ளே இருப்பது மறுபடி மேலே வரும். ஊறிய லைனிங் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. சில நேரம் வழுக்கும், சில நேரம் வெடுக்கென்று கவ்வும். ஈரச் சாலையில் ஒரு பின் சக்கரம் மட்டும் வெடுக்கென்று பிடித்து நின்றால் வண்டியின் பின்பக்கம் சுழலத் தொடங்கும். பெட்ரோலால் இன்னொரு கெடுதலும் உண்டு. பிரேக்கில் இருக்கும் ரப்பர் கிளைகால் ஆயிலுக்கு ஏற்றது; பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில் எது பட்டாலும் உப்பி உருக்குலைந்துவிடும். ஷூவைக் கழுவிய அதே டப்பாவில் கப்பையும் பிஸ்டனையும் அலசுவது, புது ரப்பரைப் போடும் அன்றே கெடுப்பது. டிரம்மையும் பின் தகட்டையும் பிரேக் கிளீனரால் கழுவலாம், சிலிண்டர் பாகங்களைப் புது பிரேக் ஆயிலால் மட்டும் துடைக்கலாம். நனைந்த ஷூ மட்டும் குப்பைக்கு. ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் பிடிப்பு ஒன்றாக இருக்காது.

"ஒரு பக்கம்தானே லீக், அந்தப் பக்கம் எதுக்கு மாத்தணும்?" என்பது அடுத்த கேள்வி. இரண்டு சிலிண்டரும் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே ஆயிலில் கிடந்தவை, ஒரே எண்ணிக்கையில் மிதிபட்டவை. இடதுபக்கம் துருப்பிடித்த காரணம் வலதுபக்கத்திலும் இருக்கிறது. இன்னும் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். இதை நம்பிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கண்ணால் பார்த்துவிடலாம். நல்லதென்று சொல்லும் பக்கத்தின் டிரம்மையும் கழற்றி, சிலிண்டரின் ரப்பர் பூட் ஓரத்தை மழுங்கிய ஸ்குரூ டிரைவர் நுனியால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே லேசான ஈரப்படலம் இருப்பது தவறில்லை, பிஸ்டன் நகரும்போது அவ்வளவு வரும். பூட்டைத் தூக்கியதும் ஆயில் வழிந்தாலோ, துருப்பொடி கலந்த பழுப்புச் சேறு தெரிந்தாலோ, அந்தச் சிலிண்டரும் போய்விட்டது என்று அர்த்தம். வயது குறைந்த வண்டி, ஒரு பக்கம் அடிபட்டோ பூட் கிழிந்தோ கெட்டது, மறுபக்கம் முழுக்க உலர்ந்திருக்கிறது என்றால் அதை விட்டுவைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பத்து வருஷ வண்டிக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

டிரம்முக்குள் தெரியும் ஈரம் எல்லாம் பிரேக் ஆயில் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆம்னி, ஈக்கோ, பொலேரோ போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் ஆக்ஸில் சீல் போனால் கிரவுன் ஆயிலும், அதாவது கியர் ஆயிலும், டிரம்முக்குள் வரும். சந்தேகம் இருந்தால் ஒரு கிண்ணம் தண்ணீரில் அந்த ஈரத்தைத் தொட்டு விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்து கலந்துவிடும். கியர் ஆயில் மேலே மிதந்து படலமாக விரியும். காரணம் தெரியாமல் சிலிண்டரை மாற்றிவிட்டு, ஆக்ஸில் சீலை அப்படியே விட்டால் புது ஷூவும் அடுத்த மாதமே நனைந்துவிடும்.

எல்லாவற்றையும்விட அடிக்கடி காதில் விழும் மறுப்பு ஒன்று உண்டு: "பின்னாடி பிரேக்தானே, முன்னாடி டிஸ்க்தான் எல்லாத்தையும் பிடிக்குது." பிரேக் பிடித்தால் எடை முன்னுக்குச் சாயும், வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது என்பது உண்மை. ஆனால் பின்னால் கசிவதால் போவது பின் பிரேக் மட்டும் என்று நினைப்பது தவறு. முன்சக்கர இழுவை கொண்ட சின்னக் கார்களில் பிரேக் லைனைப் பெரும்பாலும் குறுக்காகத்தான் பிரிக்கிறார்கள். முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரு சர்க்யூட், மற்ற இரண்டும் இன்னொன்று. ஒரு சர்க்யூட் போனாலும் முன் டிஸ்க் ஒன்றாவது மிஞ்ச வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதே காரணத்தால், பின் வலது சிலிண்டர் முழுசாகக் கசிந்துபோனால் அதோடு முன் இடது டிஸ்க்கும் செத்துவிடும். பிரேக் பாதியாகும், பெடல் ஆழமாக இறங்கும். ஹேண்ட் பிரேக்கையும் மறக்கக் கூடாது. இந்தக் கார்களில் அது பின் ஷூக்களைத்தான் இழுக்கிறது. ஷூ நனைந்திருந்தால் சரிவில் நிறுத்திய வண்டி நகரும்.

டப்பாவில் ஆயில் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். பல கார்களில் ஹேண்ட் பிரேக் போட்டாலும் அதே விளக்குதான் எரியும் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்பவர்களும் ஒரு சின்ன டப்பா ஆயில் வாங்கி ஊற்றி விளக்கை அணைத்துவிடுகிறார்கள். டிஸ்க் பேட் தேயத் தேய அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு; அது பல மாதங்களில் மெல்ல நடக்கும். ஊற்றி நிரப்பியது ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி இறங்கினால் எங்கோ கசிகிறது என்று மட்டும்தான் அர்த்தம். நாலு சக்கரத்தின் உள்பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். டிரம்மின் பின் தகட்டில் கீழ்நோக்கி வழிந்த கறை, டயரின் உள்சுவரில் ஈரம், ஒட்டிய தூசி தெரிந்தால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் நேரம் வந்துவிட்டது.

நாலு சக்கரத்திலும் ஆயிலை மாற்றச் சொல்வது ஏன் என்பதற்கு மலைப்பாதை நல்ல சாட்சி. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையிலோ, ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சரிவிலோ ஒரு காரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடை, 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் அது விட்டுவிட வேண்டிய ஆற்றல் சுமார் 98 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 33 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். தாழ்ந்த கியரில் இறங்கினால் ஒரு பகுதியை என்ஜின் வாங்கிக்கொள்ளும். கியரை நியூட்ரலில் போட்டு இறங்குபவருக்குக் கிட்டத்தட்ட எல்லாமே பிரேக்கில் வெப்பமாகிறது. அதிகம் சூடாவது முன் காலிப்பர்தான், பின் டிரம் அல்ல. ஆனால் முன் காலிப்பரில் கிடப்பதும் அதே பத்து வருஷ ஆயில். ஆயில் கொதித்து ஆவி உண்டானால், ஆவி அழுத்தத்துக்குச் சுருங்கும். பெடல் தரையைத் தொட்டாலும் பிரேக் பிடிக்காது. லீக்கான ஒரு பின் சக்கரத்தில் மட்டும் ஆயிலை எடுத்துவிட்டு மற்ற மூன்றையும் அப்படியே விடுவதை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுதான். சின்னக் காரின் முழு லைனையும் கழுவ ஒரு லிட்டர் ஆயில் தாராளம்.

வேலையின் நுணுக்கங்களில் சிலவற்றை மட்டும் தொட்டுச் சொல்கிறேன், மற்றவை கையேட்டில் இருக்கும். முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுத்தான் டிரம்மை இழுக்க வேண்டும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்கு எமன். தண்ணீரோ கிளீனரோ தெளித்து நனைத்துத் துடைப்பதுதான் சரி. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பிரிக்காமல் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மற்றதுக்குப் போனால், ஸ்பிரிங்குகள் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தன என்பதற்குக் கண்முன்னே மாதிரி இருக்கும். இந்த வேலையில் மிகவும் காலை வாருவது பைப் நட். பின் தகட்டின் வெளிப்புறத்தில் மண்ணும் மழையும் பட்டு இரும்புப் பைப்போடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரண ஓப்பன் ஸ்பேனரால் பலமாகத் திருப்பினால் நட்டின் முனைகள் மழுங்கும், இல்லையென்றால் நட்டோடு பைப்பும் முறுக்கிக்கொண்டு உடையும். முந்தின நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்து, நட்டைச் சுற்றி ஐந்து முகத்தைப் பிடிக்கும் பிளேர் நட் ஸ்பேனரால் கொஞ்சம் திறந்து, கொஞ்சம் மூடி, மறுபடி திறந்து என்று இளக்க வேண்டும். சிலிண்டரைப் பிடிக்கும் போல்ட்டுகளைத் தொடுவதற்கு முன்பே இந்த நட் இளகிவிட்டதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். புதுச் சிலிண்டரில் இந்த நட்டைக் கையால் சில மரை ஏற்றிவிட்டு, அதன்பின் போல்ட்டை முடுக்கினால் மரை பிசகாது.

காற்று எடுக்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, பெடலைத் தரைவரை மிதிக்க வேண்டாம். மாஸ்டர் சிலிண்டரின் உள்சுவரிலும் சீல் தினமும் போகாத தூரத்தில் துரு இருக்கும். தரைவரை மிதித்தால் சீல் அந்தத் துருவில் உரசிக் கிழிந்து, ஒரு வேலை இரண்டு வேலையாகும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. இரண்டு, டப்பா எந்த நேரத்திலும் காலியாகக் கூடாது. 2019-க்குப் பிறகு வந்த கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அதன் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் பல மாடல்களில் ஸ்கேன் கருவி இல்லாமல் வெளியேற்ற முடியாது. உள்ளே ஒருவர் மிதித்துப் பிடிக்க, கீழே ஒருவர் நிப்பிளைத் திறந்து, பெடல் விடும் முன்பே மூட வேண்டும். குழாயில் குமிழி நின்று, வரும் ஆயிலின் நிறம் தெளியும்வரை இதைச் செய்துவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போக வேண்டும். எடுத்த ஆயிலை வடிகட்டி மறுபடி ஊற்றுவதும், வருஷக்கணக்கில் திறந்து கிடந்த டப்பாவில் மிச்சமிருப்பதை ஊற்றுவதும் இத்தனை உழைப்பையும் வீணாக்கும்.

உதிரிபாகம் எங்கே வாங்குவது என்பதிலும் கறாராக இருக்க வேண்டும். பிரேக் பாகங்கள் செய்வதில் நம் ஊர் பின்தங்கியது அல்ல. 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் ஆலை சென்னை பாடியில்தான் இருக்கிறது. சென்னையில் ஜி.பி. ரோடு போனால் எந்த மாடலுக்கும் நல்ல கம்பெனிப் பொருள் பில்லோடு கிடைக்கும். கதவோ கண்ணாடியோ வாங்கப் பழைய உதிரிபாகக் கடைகள் உள்ள புதுப்பேட்டை போகலாம், தவறில்லை. வீல் சிலிண்டரைப் பழைய வண்டியில் இருந்து கழற்றியதாக வாங்கினால் நாம் தூக்கிப் போட்ட அதே துருவை இன்னொரு வண்டியில் இருந்து விலை கொடுத்து வாங்குகிறோம். பில் இல்லாத, பாதி விலைப் புதுப் பெட்டியும் வேண்டாம். துளையின் அளவு ஒரே மாடலிலேயே வருஷத்துக்கு வருஷம் மாறலாம் என்பதால் சேஸிஸ் நம்பரைச் சொல்லி வாங்குவது நல்லது.

"இவ்வளவும் சேர்த்தா செலவு பல மடங்கு ஆகுமே" என்பது கடைசி மறுப்பு. தினமும் வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை, நான் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. இரண்டு சிலிண்டர், ஒரு செட் ஷூ, ஒரு லிட்டர் ஆயில், கூடுதலாக ஒன்றிரண்டு மணி நேரக் கூலி; கிட் போடும் செலவைவிட இது அதிகம்தான். ஆனால் கிட் வழியில் போனால் இந்தச் செலவு தவிர்வதில்லை, தள்ளிப்போகிறது. நடுவில் எந்த நாளில் எந்தச் சாலையில் பிரேக் பாதியாகும் என்பதை மட்டும் நம்மால் தேர்ந்தெடுக்க முடியாது. உண்மையிலேயே சிக்கனம் வேண்டுமென்றால் அதற்கு வழி வேறு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுவது. அது இந்த வேலையின் செலவில் சிறு பங்குதான். அப்படிப் பார்த்துக்கொண்ட வண்டியில் சிலிண்டர் இன்னும் அதிக காலம் தாங்கும். டிரம்மைத் திறந்து பூட்டைத் தூக்கிப் பார்ப்பதையும் அதே நாளில் முடித்துவிடலாம்.

ஆகவே அடுத்த முறை வண்டியை விடும்போது மெக்கானிக்கிடம் மரியாதையாகவே, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்: "அண்ணே, கிட் வேணாம், ரெண்டு பக்கமும் புதுச் சிலிண்டர் போடுங்க. ஷூவைக் கழுவ வேணாம், மாத்திடுங்க. நாலு வீல்லயும் நல்ல ஆயில் வர்ற வரைக்கும் எடுத்துடுங்க. பழசை எல்லாம் எனக்குக் காட்டுங்க." நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். வாடிக்கையாளர் செலவுக்குத் தயங்குவார் என்று நினைத்துத்தான் பலர் பாதி வேலையோடு நிறுத்துகிறார்கள். முழு வேலைக்கு நாம் தயார் என்று தெரிந்தால் அவருக்கும் அதுதான் நிம்மதி. கழற்றிய பழைய சிலிண்டரைக் கையில் வாங்கி, பூட்டைப் பிரித்து, உள்சுவரை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். சொரசொரப்பு விரலில் தட்டுப்பட்டால் முடிவு சரியானதுதான். வழவழப்பாக இருந்தால் கொஞ்சம் முன்கூட்டியே மாற்றிவிட்டோம், அவ்வளவுதான். பிரேக் விஷயத்தில் அந்தப் பக்கம் தவறுவது யாருக்கும் கெடுதல் இல்லை.